கொல்லைப்புறத்துக் குளம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுபவை தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களும், பணிமுறை மாறும் வேளையில் சாலையை நிறைக்கும் பேருந்துகளும்தாம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் அடிக்கல் நாட்டியதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் பரவின. ஆயினும் இவ்வூரின் பெயர் ஒரு குளத்தோடு பிணைந்தது. சிவபெருமானின் நடனத்தைக் கண்டு நகைத்த பூதகணங்கள் சாபத்துக்கு ஆளாயின. அவை திருமாலைச் சரணடைந்தன. அவர் ஆணைப்படி அனந்தன் ஒரு தீர்த்தத்தை உண்டாக்கினான். அதில் நீராடிச் சாபம் நீங்கிய பூதங்கள் நன்றியோடு அங்கே கோயில் எடுத்தன என்கிறது தலபுராணம். பூதபுரி என்ற பெயருக்கும் பெரும்பூதூர் என்ற பெயருக்கும் இக்கதையையே காரணமாகச் சொல்வர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு அருகில் அனந்தசரஸ் என்ற பெயரோடு அத்திருக்குளம் இன்றும் இருக்கிறது.

புராணத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது சொல்லும் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் குளம்; பிறகு நீராடல்; அதன்பின் கோயிலும் ஊரும். இப்போது அதே நிலத்தில் இந்த வரிசை தலைகீழாகியிருக்கிறது. முதலில் மனைப்பிரிவு வருகிறது, பின்பு வீடு, வசதி பெருகியபின், கொல்லைப்புறத்தில் நீல ஓடு பதித்த ஒரு நீச்சல்குளம். பண்ணைவீட்டு விளம்பரங்கள் அந்த நீலச் சதுரத்தைத் தவறாமல் காட்டுகின்றன. வீட்டுக்குள் ஒரு குளம் வெட்டிக்கொள்வது நம் மண்ணில் புதியதா? முன்பு குளம் வெட்டியவர்கள் எவற்றையெல்லாம் எண்ணி வெட்டினார்கள்? அவற்றுள் எதை நாம் விட்டுவிட்டோம்? இக்கட்டுரையின் அக்கறை இவைதாம்.

தமிழில் நீர்நிலைகளுக்குப் பெயர்கள் ஏராளம். கயம், வாவி, இலஞ்சி, கேணி, ஊருணி, குட்டை, தாங்கல், ஏரி என்று அவை நீளும். மனிதர் வெட்டாமல் தானே அமைந்த நீர்நிலையைப் பொய்கை என்று பிரித்துக்காட்டுவது உரையாசிரியர் மரபு. வெட்டியது எது, வெட்டாதது எது என்பதைச் சொல்லிலேயே பதிந்துவைக்க முயன்ற மொழி இது.

தனக்கென வெட்டிய குளமும் ஊருக்கென வெட்டிய குளமும் ஒரே காப்பியத்தில் வருவதைக் காண விரும்புவோர் மணிமேகலையைப் புரட்டலாம். புகாரில் சோழ மன்னன் உலவும் பூங்காவில் எந்திரக் கிணறு இருக்கிறது. செயற்கைக் குன்றும் வீழும் அருவியும் இருக்கின்றன. பரந்த நீர்ப்பரப்பும், நீரை மறைத்துவைத்த கேணியும் இருக்கின்றன. இன்றைய பண்ணைவீட்டு விளம்பரத்தில் இடம்பெறும் பொருள்களுள் ஏறக்குறைய எல்லாம் அங்கே உண்டு. அம்மன்னனிடம்தான் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு மணிமேகலை கேட்கிறாள். காப்பியத்தின் பிற்பகுதியில் அவள் வறட்சியில் வாடும் காஞ்சிக்கு வருகிறாள். அங்கே இளங்கிள்ளி என்னும் அரசன், மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையைப் போன்ற ஒரு நீர்நிலையையும் சோலையையும் ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கிறான். அந்த இடத்தில்தான் பசித்தோர் அனைவருக்கும் உணவு வழங்கப்படுகிறது. முதற்குளம் ஒருவன் களிப்பதற்கு. இரண்டாவது பஞ்சத்தில் பலர் கூடுவதற்கு. சாத்தனார் இவ்விரண்டையும் ஒப்பிட்டு உபதேசம் எதுவும் செய்யவில்லை. கதையின் போக்கிலேயே வேறுபாடு விளங்கிவிடுகிறது.

*

குளம் வெட்டுகிறவன் முதலில் எதிர்கொள்வது தொழில்நுட்பச் சிக்கல்தான். தோண்டுவது எளிது. தோண்டிய குழியில் நீரை நிறுத்துவதும், நின்ற நீரைக் கெடாமல் காப்பதும், வேண்டாதபோது வெளியேற்றுவதும் கடினம்.

மொகஞ்சதாரோவில் 1925-26இல் வெளிப்பட்ட பெருங்குளியல் குளம் இதற்கு மிகப் பழைய சான்று. ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். இன்றைய பெரிய வீட்டு நீச்சல்குளம் ஒன்றின் அளவுதான். நெருக்கமாக அடுக்கிய சுட்ட செங்கற்களுக்கு இடையே ஜிப்சம் கலந்த சாந்து இட்டனர். சுவருக்குப் பின்னால் நிலக்கீலைப் பூசிக் கசிவைத் தடுத்தனர். அருகிலிருந்த அறையொன்றில் பெரிய கிணறு. குளத்தின் ஒரு மூலையில் நீர் வெளியேற வடிகால். நீர் வரும் வழியும் போகும் வழியும் கட்டடத்தின் ஓர் அங்கமாகவே அமைந்துவிட்டன.

இலங்கையின் அனுராதபுரத்தில், அபயகிரி விகாரையைச் சேர்ந்த இரட்டைக் குளங்களைக் குட்டம் பொக்குண என்பர். ஒன்று 132 அடி நீளம், மற்றது 91 அடி நீளம். துறவியர் நீராடுவதற்காக அமைந்தவை. நிலத்தடிக் குழாய் வழி வரும் நீர் நேராகக் குளத்தில் விழுவதில்லை. முதலில் சிறு தொட்டியில் தங்கி வண்டலை இறக்கிவிட்டுத்தான், மகரவாயின் வழியாகக் குளத்தை அடைகிறது. இன்று மணல் வடிகட்டியும் மின்மோட்டாரும் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அங்கே நிலத்தின் சரிவும் நீரின் பொறுமையும் செய்தன.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே மூன்றாவது எடுத்துக்காட்டு உண்டு. காஞ்சிக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில், சஞ்சீவிராயர் கோயிலை அடுத்து, நடவாவி என்னும் படிக்கிணறு இருக்கிறது. நடந்து இறங்கும் வாவி என்பது பெயரின் பொருள். விஜயநகரக் காலத்தில் இலட்சுமிகுமார தாதாசாரியார் செய்த திருப்பணிகளோடு சேர்த்து இது பேசப்படுகிறது. நுழைவாயிலிலிருந்து படிகள் நிலத்துக்குள் இறங்குகின்றன. கீழே, தூண்கள் சூழ்ந்த ஒரு மண்டபம்; அதன் நடுவே கிணறு. ஆண்டின் பெரும்பகுதி மண்டபத்தை நீரே ஆட்கொண்டிருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்து வெளியேற்றுவார்கள். அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருள்வார். நீர்மட்டம் ஏறும், இறங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்ட கட்டடம் இது. நிலத்தடி நீரோடு அதற்குப் பகை கிடையாது.

கோயில் திருக்குளங்களும் பெரும்பாலும் இத்தகையவையே. நான்கு புறமும் கற்படிகள். அடியிலோ வெறும் தரை. மழைக்காலத்தில் குளம் சுற்றியுள்ள கிணறுகளுக்கு நீரை ஊட்டும். தரைக்குள் நீர்மட்டம் உயர்ந்தால் குளத்திலும் உயரும். கசிவு அங்கே குறையாகக் கருதப்படவில்லை. ஊர்க்கிணறுகளுக்குச் சேரவேண்டிய பங்கு அதுவே.

*

தொண்டைநாட்டில் நீராடும் குளத்தைத் தனித்துப் பார்க்க இயலாது. பேராறுகள் குறைந்த இந்நாடு ஏரிகளால் வாழ்ந்தது. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள தென்னேரி, திரையன் ஏரி என்பதன் திரிபு என்றும், இளந்திரையன் பெயரைத் தாங்கியது என்றும் மரபு கூறும். ஓர் ஏரியின் கலங்கல் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கிறது. இச்சங்கிலியில் எந்த ஒரு குழியும் எவருடைய தனிக்குழியும் ஆகாது. மேலே ஒருவர் தோண்டினாலும் தூர்த்தாலும் கீழே ஒருவர் அதை அறிவார்.

ஆகவே இதற்கு ஒரு நிர்வாகம் வேண்டியிருந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரிவாரியம் ஒன்று. அதற்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாட்கள். வாக்குப்பெட்டியின் முன்னோடி என்று குடத்தைக் கொண்டாடும் நாம், அந்தக் குடத்திலிருந்து எடுத்த ஓலைகளுள் சில ஏரியைக் காப்பதற்கானவை என்பதை அதிகம் சொல்வதில்லை.

ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் போருமாமில்லா என்ற ஊரில் 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று உண்டு. விஜயநகர இளவரசன் பாஸ்கரன் ஏரி வெட்டியதைச் சொல்லும் அது, நல்ல ஏரிக்குரிய பன்னிரண்டு உறுப்புகளையும், தவிர்க்கவேண்டிய ஆறு குற்றங்களையும் பட்டியலிடுகிறது. கரையில் கசிவு, உவர்மண், நடுவில் மேடு, நிலம் பரந்திருக்க நீர் குறைவு, நீர் மிகுந்திருக்க நிலம் குறைவு ஆகியவை குற்றங்கள். எஞ்சிய குற்றம் வியப்பளிப்பது: இரு நாடுகளின் எல்லையில் ஏரி அமைவது. மண்ணையும் நீரையும் ஆராய்ந்த அதே மூச்சில் அண்டை வீட்டாரையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நீர் எல்லைக்கோட்டை மதிக்காது, ஆதலால் எல்லையில் வெட்டினால் வழக்கு வரும் என்பது அவர்களுக்குப் பொறியியலின் ஒரு பகுதி.

*

இன்றைய கொல்லைப்புறக் குளத்தின் வமிசாவளி வேறு. 1907இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த கார்ல் ஏக்லி என்பவர், கட்டடத்தின் முகப்பைப் பூசுவதற்காகச் சாந்தைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சும் கருவி ஒன்றை உருவாக்கினார். 1911இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோண்டிய குழியில் கம்பி கட்டி அதன்மேல் இக்கலவையைப் பீய்ச்சினால், பலகை அடைப்பு வேலை இல்லாமலே எந்த வடிவிலும் தொட்டி அமையும். நீச்சல்குளத்தின் விலை இறங்கியதற்கும், அது விரும்பிய வடிவில் வளைந்ததற்கும் இக்கருவி ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் தொழில்நுட்பம் மட்டும் ஒரு வழக்கத்தைப் பரப்பிவிடாது. ஜெஃப் வில்ட்ஸி 2007இல் வெளியிட்ட ஒரு நூல் அமெரிக்காவின் பொதுக் குளங்களின் சமூக வரலாற்றை ஆராய்கிறது. 1950இல் அந்நாட்டில் வீடுகளில் தரைக்குள் கட்டிய குளங்கள் சுமார் 2,500. 1999இல் நாற்பது லட்சம் என்று அவர் குறிப்பிடுகிறார். செல்வமும் புறநகர் வாழ்வும் இதற்குக் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. நகராட்சிக் குளங்களில் கறுப்பின மக்களைப் பிரித்துவைக்க முடியாது என்று நீதிமன்றங்கள் கூறத் தொடங்கியபோது, வெள்ளையர் பலர் அக்குளங்களைக் கைவிட்டுத் தனிமன்றங்களுக்கும் தங்கள் கொல்லைப்புறங்களுக்கும் ஒதுங்கினர். யாரோடு நீராடுவது என்ற கேள்விக்குச் சிலர் மதிலால் விடை சொன்னார்கள்.

இதைப் படித்து அமெரிக்கரைப் பழிப்பது எளிது. நம் ஊர்க்குளங்களைப் பற்றி நான் மேலே எழுதியவற்றில் ஒரு பாதி இன்னும் சொல்லப்படவில்லை. அவை எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. எந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் கரையைக்கூட நெருங்கலாகாது என்பதைச் சாதி வகுத்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சவதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தது ஒரு போராட்டமாக வேண்டியிருந்தது என்பதே போதிய சாட்சி. உத்தரமேரூர் வாரியங்களுக்கான தகுதிகளும் நிலமும் கல்வியும் உடைய ஒரு சிறு குழுவைக் கருதியே வகுக்கப்பட்டவை. பழைய குளங்களைப் போற்றும் எந்த எழுத்தும் இதைத் தாண்டிச் சென்றுவிடக்கூடாது.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரைப் பற்றி வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். திருவரங்கத்தில் அவர் காவிரிக்கு நீராடச் செல்லும்போது அந்தணரான முதலியாண்டானின் தோளைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போதோ, அந்தணரல்லாத உறங்காவில்லி தாசரின் தோளைப் பற்றி வருவார். குளித்துத் தூய்மையானபின் யாரைத் தொடுவது என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு அவர் நடந்தே விடை கூறினார். அனந்தசரஸின் ஊர் இந்த மரபுக்கும் உரிமை உடையது.

*

இனி இத்தொழில் நிலத்துக்கே வருவோம். ஸ்ரீபெரும்புதூர் என்பது புவியியலாருக்கு ஒரு பாறைப் படிவத்தின் பெயரும் ஆகும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிப்பாறையும் மணற்கல்லும் கொண்ட அப்படிவத்தில் தாவரப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. களி மிகுந்த இடங்களில் மழைநீர் சட்டென்று கீழிறங்காது. போதாக்குறைக்குச் சுற்றிலும் ஏரிகள்; பல மனைப்பிரிவுகள் முன்பு ஆயக்கட்டு வயல்கள். இங்கே குழி தோண்டுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள ஒரு சிறு நீச்சல்குளத்தை எடுத்துக்கொள்வோம். அது கொள்ளும் நீர் ஏறக்குறைய 45 ஆயிரம் லிட்டர்; பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நான்கு நடை. கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டாலும், 32 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 160 லிட்டர் காற்றோடு போகும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவு 55 லிட்டர். அதாவது ஒருவரும் குளிக்காத நாளிலும் அக்குளம் மூன்று பேரின் நீரைச் செலவிடும். அருகில் வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு 18,720 பேர் தங்குவதற்கானது. தொழிற்பூங்காவின் ஒரு பக்கம் வாளியில் அளந்து குளிப்போரும் மறுபக்கம் நீலக் குளமும் ஒரே நிலத்தடியின் மீது இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

மழைக்காலத்தின் கணக்கு வேறு. நீர் புகாதபடி காங்கிரீட்டால் அடைத்த தொட்டி, நிலத்தடி நீர் உயரும்போது ஒரு படகைப் போல் நடந்துகொள்ளும். நிரம்பியிருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை. தூய்மை செய்வதற்காக அதைக் காலி செய்துவிட்டோம். வெளியே நீர்மட்டம் தொட்டியின் அடித்தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் 32 டன் விசை அதை மேலே தள்ளும். 15 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட தளமும் சுவர்களும் சேர்ந்து 24 டன்னுக்கு மேல் எடை வராது. எஞ்சிய விசை தொட்டியைத் தூக்கும், அல்லது தளத்தைப் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குளத்தைக் காலி செய்யாதீர்கள் என்று விவரமறிந்த கட்டுநர்கள் சொல்வதும், தளத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்றைப் பதிப்பதும் இதனால்தான். நடவாவியைக் கட்டியவர்கள் தண்ணீரை உள்ளே வரவிட்டுத் தீர்த்துக்கொண்ட சிக்கலை, நாம் வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, பின் ஒரு சிறு வால்விடம் ஒப்படைக்கிறோம்.

இந்நிலத்தின் இரு முகங்களையும் நம் கண்முன்னே கண்டோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. நான்கே ஆண்டுகளுக்குள் வெள்ளமும் வறட்சியும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரிக்கே இந்த நிலை என்றால், வரத்துக்கால்கள் சாலைகளுக்கு அடியில் குழாய்களாய்ச் சுருங்கிய இடத்தில், தனித்தனித் தொட்டிகள் எந்தப் பருவத்தையும் தாங்கிப் பிடிக்கப்போவதில்லை.

*

வீட்டில் குளம் வெட்டுவதே தவறு என்பது என் வாதமன்று. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் பெருகுவது நல்லது. நீரைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. பூங்காவில் அருவி அமைத்த சோழனைக் காப்பியம் இகழவில்லை. ஆனால் பழைய குளங்களை வெட்டியவர்கள் தவறாமல் கேட்ட சில கேள்விகளை நம் மதிப்பீட்டுத் தாளில் காணோம். சதுர அடிக் கணக்கு இருக்கிறது. ஓட்டின் நிறம் இருக்கிறது. மோட்டாரின் குதிரைத்திறன் இருக்கிறது. நீர் எங்கிருந்து வருகிறது, போனபின் யார் வயலில் சேர்கிறது, யார் அதில் இறங்கலாம் என்பவற்றுக்கு அதில் இடமில்லை.

இடம் ஒதுக்கினால் செய்வதற்கு வழிகள் உண்டு. கூரை மழைநீரைக் கொண்டு முதல் நிரப்பலைச் செய்யலாம். ஆவியாதலைக் குறைக்க மூடுவிரிப்பு இடலாம். வடிகட்டியைக் கழுவிய குளோரின் நீரை ஏரி வரத்துக்காலில் விடாமல் தனியே தேக்கி ஆறவிடலாம். பத்து வீட்டுக்குப் பத்துத் தொட்டி என்பதற்கு மாறாக மனைப்பிரிவுக்கு ஒரு குளம் அமைத்து, அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒரு நாள் அங்கே நீச்சல் பழக வழிசெய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மனைப்பிரிவு எந்த ஏரியின் ஆயக்கட்டில் இருக்கிறதோ அந்த ஏரியின் கரைக்கும் கலங்கலுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையையும் சில நாள் உழைப்பையும் கொடுக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஆறு பேர் ஏற்ற பொறுப்பு அது. இப்போது ஏற்பதற்குச் சாதியும் நிலமும் தகுதியாக வேண்டியதில்லை. ஏரியின் பெயர் தெரிந்திருந்தால் போதும். தம் வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஏரிகளின் பெயரைச் சொல்லத் தெரிந்தபின் ஒருவர் மண்வெட்டியைக் கையில் எடுக்கட்டும்.